வீட்டிலேயே கண்ணாடி நெகட்டிவ்: ஜெலட்டின் உலர்தட்டு செய்முறை

கண்ணாடியில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஈரத்தட்டு முறையைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். கொலோடியன் என்ற ஒட்டும் கரைசலைக் கண்ணாடியில் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, சொட்டச் சொட்டக் கேமராவில் வைத்து எடுப்பது. ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட முறை. அழகானதுதான். ஆனால் தட்டு காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவி முடித்துவிட வேண்டும். குளிர்நாட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். எங்கள் மதுரை வெயிலில் அதுவும் கிடைக்காது. 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசுக்காக எட்மண்ட் லயன் இதே மதுரைக் கோயிலை ஈரத்தட்டில்தான் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், கூடாரத்துக்குள் அவர் பட்ட பாடுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். தவிர, கொலோடியனில் ஈதர் இருக்கிறது, சட்டென்று தீப்பிடிக்கும். பழைய முறைப்படி செய்பவர்கள் சயனைடையும் கையாள்கிறார்கள். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இவை வேண்டாம் என்பது என் கட்சி.

நான் சொல்லப்போவது அதற்கு அடுத்து வந்த உலர்தட்டு. ஈதர் புகையால் உடம்பு கெட்டுப்போன ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், கொலோடியனுக்குப் பதில் ஜெலட்டினைப் பயன்படுத்தலாம் என்று 1871இல் எழுதினார். ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு மிதக்கும் எமல்ஷனைச் செய்து, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கெடாது. வீட்டுச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் துணையோடு செய்துவிடலாம். கவனிக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: கண்ணாடியின் சுத்தம், குளிர்ச்சி. வெளிநாட்டுக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தால் அது 20 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் அந்த அறையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முதல் வருடம் இது எனக்கு விளங்கவில்லை. மே மாதம், டெவலப்பர் (தட்டில் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) 31 டிகிரியில் இருந்தது. தட்டை உள்ளே வைத்தேன். படம் நன்றாகவே எழுந்துவந்தது. அப்புறம் ஒரு மூலையில் ஜெலட்டின் சுருங்கி, பாலாடைபோல் மடிந்து கிளம்பியது. தட்டைச் சாய்த்ததும் படம் முழுசாக வழுக்கித் தட்டத்துக்குள் போய் விழுந்தது. கையில் வெறும் கண்ணாடி. என் அம்மா உட்கார்ந்திருந்த படம் அது. அன்றிலிருந்து தெர்மாமீட்டர் இல்லாமல் இருட்டறைக்குள் நான் கால் வைப்பதில்லை.

வாங்க வேண்டியவை

வெள்ளி நைட்ரேட் 10 கிராம், பொட்டாசியம் புரோமைடு 8 கிராம், பொட்டாசியம் அயோடைடு 0.2 கிராம், ஜெலட்டின் 15 கிராம்போல, குரோம் ஆலம் கொஞ்சம். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். செலவில் பெரும்பகுதி வெள்ளி நைட்ரேட்டுக்குத்தான். ஜெலட்டின், போட்டோ தரத்தில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 250 புளூம் (ஜெலட்டின் எவ்வளவு கெட்டியாக உறையும் என்பதன் அளவு) உள்ள உணவுத்தர ஜெலட்டினில் தொடங்கலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு, தெர்மாமீட்டர், கண்ணாடிக் குடுவைகள், சிவப்பு எல்இடி விளக்கு, ரப்பர் கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி.

இந்தக் கடைசிப் பொருளைத் தவிர்க்கவே கூடாது. வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை விழும், ஒரு வாரத்தில் போய்விடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இன்னொன்று: பழைய குறிப்புகள் சிலவற்றில் இதனோடு அம்மோனியா சேர்க்கச் சொல்லியிருக்கும். அந்தக் கலவையை வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உருவாகலாம். அந்த வழிக்கே போகாதீர்கள். சமையலறையில் செய்தாலும் இதற்கென்று தொட்ட பாத்திரம் திரும்பச் சமையலுக்கு வரக் கூடாது.

தண்ணீர் டிஸ்டில்டாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் சரிவரலாம். ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலை அதில் விட்டுப் பாருங்கள். தெளிவாகவே இருந்தால் நல்ல தண்ணீர், பால்போல் கலங்கினால் அதில் உப்பு இருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மோர்போல ஆகிவிடும்.

கண்ணாடி

கண்ணாடிக்கடையில் 2 மி.மீ. கண்ணாடியை 4க்கு 5 அங்குலத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். உங்கள் பிளேட் ஹோல்டரை (தட்டை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் சட்டம்) எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குவதே நல்லது. ஃபிலிமுக்கான ஹோல்டரில் இந்தத் தடிமன் நுழையாது. பழைய மர ஹோல்டரோ, இப்போது முப்பரிமாண அச்சில் செய்து விற்கும் ஹோல்டரோ வேண்டும். ஓரங்களைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள். இது கை வெட்டுப்படாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சொரசொரப்பான ஓரத்தை ஜெலட்டின் இறுகப் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது சுத்தம். பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு முறை. பிறகு கால்சியம் கார்பனேட் தூளைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சில் தொட்டு, இரு பக்கமும் ஓரங்களும் தேய்த்துக் கழுவ வேண்டும். சுத்தமான கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக இறங்கும். எங்கேயாவது திட்டுத் திட்டாக விலகினால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம், மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். ஒரு விரல்ரேகை போதும், படம் அந்த இடத்தில் கழன்றுவிடும்.

சூடான ஊரில் இருப்பவர்கள் அடிப்பூச்சு ஒன்று கொடுப்பது அவசியம். 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 1 கிராம் ஜெலட்டினைக் கரைத்து, 5 சதவீத குரோம் ஆலம் கரைசல் 2 மி.லி. சேருங்கள். தட்டின்மேல் ஊற்றி வடித்து, தூசி படாமல் நிற்கவைத்துக் காயவிடுங்கள். மறுநாள் பார்த்தால் பூசியதே தெரியாது. எந்தப் பக்கம் பூசினோம் என்று ஓரத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

எமல்ஷன்

80 மி.லி. தண்ணீரில் 2 கிராம் ஜெலட்டினைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குடுவையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். புரோமைடையும் அயோடைடையும் அதில் கரையுங்கள். வேறொரு குடுவையில் 80 மி.லி. தண்ணீரில் 10 கிராம் வெள்ளி நைட்ரேட். இதுவும் அதே சூட்டுக்கு வரட்டும். மூன்றாவதில் 40 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் இன்னொரு 10 கிராம் ஜெலட்டின் ஊறிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது வெள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடுங்கள். இனிமேல் ஹைப்போவில் (படத்தை நிலைநிறுத்தும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்) கழுவி முடியும்வரை இந்த வெளிச்சம்தான். வெள்ளிக் கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஜெலட்டின் கரைசலைக் கிளறிக்கொண்டே, சொட்டுச் சொட்டாக விடுங்கள். முழுவதும் சேர பத்து நிமிடமாவது ஆக வேண்டும். முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே வெண்மை சுருண்டு எழும். கொஞ்சம் கொஞ்சமாக முழுக் குடுவையும் பாலாகிவிடும். அந்த வெண்மைதான் வெள்ளி புரோமைடு. வேகமாக ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்துவிடும், படத்தில் மணல் தெளித்ததுபோலத் தெரியும். ஆகவே பொறுமையாக விடுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் 50 முதல் 55 டிகிரியில் முக்கால் மணி நேரம், அவ்வப்போது கிளறியபடி வைத்திருங்கள். இதைப் பழுக்கவைத்தல் என்று சொல்லலாம். இந்த நேரத்தில் சிறு துகள்கள் கரைந்து பெரிய துகள்களில் சேர்கின்றன, துகள் பெருக்கப் பெருக்க ஒளியுணர்வு, அதாவது தட்டின் வேகம், கூடுகிறது. சார்லஸ் பென்னட் 1878இல் எமல்ஷனை 32 டிகிரியில் நாள்கணக்கில் வைத்திருந்து வேகத்தைக் கூட்டிக் காட்டிய பிறகுதான் உலர்தட்டு ஈரத்தட்டை முந்தியது. அவர் மெனக்கெட்டு உண்டாக்கிய அந்த 32 டிகிரி நமக்குச் சாதாரணக் காலை வேளை.

பிறகு ஊறிய 10 கிராம் ஜெலட்டினையும் சேர்த்துக் கரைத்து, ஒளிபுகாத டப்பாவில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க உறையவிடுங்கள்.

இடியாப்ப அச்சு

மறுநாள் சிவப்பு வெளிச்சத்தில் திறந்தால் கெட்டியான அல்வாபோல இருக்கும். இதற்குள் பொட்டாசியம் நைட்ரேட்டும் மிச்சமான புரோமைடும் இருக்கின்றன. அவற்றை அலசி எடுக்காவிட்டால் தட்டு காயும்போது உப்பு பூத்துவிடும், வேகமும் வராது. அலசுவதற்கு எமல்ஷனை நூலாக்க வேண்டும். மேல்நாட்டுக்காரர்கள் உருளைக்கிழங்கு மசிக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு இடியாப்ப அச்சு இருக்கிறதே! எவர்சில்வர் அச்சாக மட்டும் பாருங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், எனாமல் பெயர்ந்த இரும்பு எதுவும் கூடாது. வெள்ளி உப்பு அவற்றோடு வினைபுரிந்து தட்டு முழுக்கப் புகைமூட்டம் உண்டாக்கிவிடும்.

மெல்லிய வெள்ளைத் துணியின் மேல் பிழிந்து, மூட்டை கட்டி, ஐஸ் போட்ட டிஸ்டில்டு வாட்டரில் மிதக்கவிடுங்கள். தண்ணீர் 10 டிகிரிக்குமேல் போகக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், ஐந்தாறு முறை. ஐஸையும் டிஸ்டில்டு வாட்டரிலேயே செய்துகொள்ளுங்கள். போதுமா என்று பார்க்க, வடித்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். முதல் தண்ணீர் தயிராகும். கடைசித் தண்ணீர் இலேசாக மங்கினால் போதும். அப்புறம் மூட்டையைத் தொங்கவிட்டு நன்றாக வடியவிட வேண்டும். தண்ணீர் உள்ளே தங்கிவிட்டால் எமல்ஷன் நீர்த்துப்போய்க் கண்ணாடியில் நிற்காது.

வடிந்த நூலை மறுபடி 50 டிகிரியில் உருக்கி, இன்னொரு அரை மணி நேரம் வைத்திருங்கள். பழைய காலத்தில் இந்த இரண்டாம் சூட்டில் வேகம் பல மடங்கு ஏறியது, அது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒரு மூட்டை ஜெலட்டினில் நல்ல தட்டு வரும், அடுத்த மூட்டையில் வராது. கோடாக் நிறுவனத்தில் இருந்த எஸ். இ. ஷெப்பர்ட் 1920களில் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாடுகள் கடுகு வகைச் செடிகளைத் தின்றால், அதிலிருக்கும் கந்தகப் பொருள் ஜெலட்டினில் நுணுக்கமாகக் கலந்துவிடுகிறது. அதுதான் வெள்ளித் துகளில் ஒளியுணர் புள்ளிகளை உண்டாக்குகிறது. கடுகின் காரம் போட்டோவின் வேகமாக மாறிய கதை இது. இன்று கிடைக்கும் சுத்தமான ஜெலட்டினில் அந்தக் கந்தகம் இல்லாததால், நம் தட்டுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு) 1 முதல் 3 வரைதான் கிடைக்கும். எனக்கு அதில் குறையே இல்லை.

உடனே பூசாமல் வைக்கிறீர்கள் என்றால் ஜெலட்டின் அழுகாமலிருக்க இம்மியளவு தைமால் சேர்க்கலாம். ஓமத்தின் வாசனைக்குக் காரணமான பொருள் இது.

பூசுவது

கிரானைட் மேடையில் ஒரு பகுதியை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வாக இருந்தால் அட்டை கொடுத்துச் சமன் செய்த தனிக் கல்பலகை வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஐஸ் தட்டங்களை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் கல் சில்லிட்டுவிடும். பூசுவதற்கு முன் ஈரத்தைத் துடைத்தெடுங்கள்.

40 டிகிரியில் இருக்கும் எமல்ஷனைத் துணியில் வடிகட்டி, 5 சதவீத குரோம் ஆலம் கரைசல் 4 மி.லி.யை மெதுவாகக் கலக்குங்கள். ஜெலட்டினை இறுக்குவது இதுதான். போட்டோ ஃப்ளோ என்ற, நீரைச் சீராகப் பரவவைக்கும் திரவத்தை இரண்டு மூன்று சொட்டு விட்டால் பரவல் நன்றாக இருக்கும். ஆலம் சேர்த்தபின் ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடித்துவிடுங்கள், அப்புறம் குடுவையிலேயே கெட்டியாகத் தொடங்கும்.

தட்டை இலேசாகச் சூடுகாட்டி, இடது கை விரல்நுனிகளில் தாங்கி, 6 மி.லி.யை நடுவில் ஊற்றுங்கள். தோசை மாவுபோல் தேய்க்கக் கூடாது. தட்டைத் துளித்துளியாகச் சாய்த்து, முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது என்று அதுவாக ஓடவிட்டு, நான்காவது மூலையில் மிச்சத்தைக் குடுவைக்குள் வடித்துவிடுங்கள். அப்படியே கல்லின்மேல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் உறைந்துவிடும். விரல்நுனியால் ஓரத்தைத் தொட்டால் ஒட்டாது. முதல் பத்துத் தட்டு கோணலாகத்தான் வரும். பதினொன்றாவதில் கை தானாகக் கற்றுக்கொண்டிருக்கும். இந்த அளவில் முப்பது தட்டுவரை பூசலாம்.

உறைந்தவற்றைச் சட்டத்தில் நிமிர்த்தி, முழு இருட்டில், மெல்லிய காற்றோட்டத்தில் ஒரு நாள் காயவிடுங்கள். ஏசி அறை இருந்தால் பெரிய உதவி. மழைக்காலத்தில் வேண்டாம் என்பேன். பாதி காய்ந்து நின்றால் தட்டில் வளையம் வளையமாகக் கறை விழும். காய்ந்ததை எமல்ஷன் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, இடையில் ஒட்டாதபடி அட்டை வைத்து, கறுப்புத்தாளில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சிவப்பு விளக்கு பாதுகாப்பானதா என்று பார்க்க ஒரு தட்டின்மேல் நாணயத்தை வைத்துப் பத்து நிமிடம் விளக்கடியில் விட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

எடுப்பது

இந்தத் தட்டுக்கு நீலமும் புறஊதாவும் மட்டும்தான் தெரியும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. குங்குமப் பொட்டு கன்னங்கரேல் என்று விழும், மஞ்சள் பூசிய முகம் கறுத்துப்போகும், வானம் வெள்ளைக் காகிதமாகும். பழைய படங்களில் நம் முன்னோர்கள் எல்லோரும் அவ்வளவு கறுப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படங்கள் வேறுமாதிரி பேசுகின்றன.

ஐஎஸ்ஓ 2 என்று வைத்துக்கொண்டால், நல்ல வெயிலில் எஃப் 16இல் (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவு) அரை நொடி. ஒளிமானி சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம், அது புறஊதாவை அளப்பதில்லை. காலை மாலை வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கொடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு புதிய எமல்ஷனுக்கும் ஒரு தட்டைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்: முழுத் தட்டுக்கும் 1 நொடி, ஹோல்டர் மூடியைக் கால்வாசி தள்ளி இன்னும் 1 நொடி, பாதிவரை தள்ளி 2 நொடி, முக்கால்வரை தள்ளி 4 நொடி. 1, 2, 4, 8 என்று நான்கு பட்டைகள் ஒரே தட்டில் கிடைக்கும். எமல்ஷன் பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். இருட்டில் எது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் ஈர உதட்டால் மூலையைத் தொடும் பழைய வழக்கம் உண்டு; அதைச் செய்யாதீர்கள், ஓரத்தில் வைத்த அடையாளத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

கழுவுவது

டி-76 டெவலப்பர், 20 டிகிரி. ஐஸ் போட்ட பெரிய தட்டத்துக்குள் டெவலப்பர் தட்டத்தை வைத்தால் சூடு ஏறாது. 24ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். தட்டை ஒரே வீச்சில் முழுக்கி ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடத்தில் வானம் கறுக்கத் தொடங்கும், பிறகு வெள்ளைச் சுவர், பிறகு முகம். கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவுகிறோம், இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஆறு முதல் பத்து நிமிடத்துக்குள், கண்ணாடியின் பின்பக்கம் வழியாகவும் கறுத்த பகுதிகள் தெரிய ஆரம்பித்ததும் எடுத்துவிடுவேன்.

வெறும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். காட்டமான அமிலத்தில் போட்டால் கொப்புளம் வரலாம். வெயில் காலமென்றால் அடுத்து 3 சதவீதப் படிகாரக் கரைசலில் ஐந்து நிமிடம். ஆமாம், சவரக் கடையில் இருக்கும் அதே படிகாரம். மறுபடி நன்றாக அலசி, 25 சதவீத ஹைப்போவில் போடுங்கள். ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819லேயே கண்டவர் ஜான் ஹெர்ஷல். 1839லேயே கண்ணாடியில் படமெடுத்தவரும் அவர்தான். தம் தந்தையின் பெரிய தொலைநோக்கிச் சட்டத்தை எடுத்தார். பால்வெண்மை மறைய எவ்வளவு நேரமாகிறதோ, அதே அளவு நேரம் இன்னும் வைத்திருந்து எடுங்கள். அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் அலசி, நிமிர்த்திக் காயவையுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்ட வேண்டாம்.

தீர்ந்த ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் வெள்ளி இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் விட்டால் வெள்ளி கறுப்புச் சேறாகப் படியும்.

அச்சும் பாதுகாப்பும்

கண்ணாடி நெகட்டிவை சால்ட் பிரிண்டுக்கோ (உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய தாளில் போடும் அச்சு) சயனோடைப்புக்கோ (நீல நிற அச்சு) அப்படியே தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டலாம். எமல்ஷன் பக்கம் தாளைத் தொட வேண்டும். இந்த அச்சுகளுக்குக் கறுப்பு வெள்ளை வித்தியாசம் அதிகமுள்ள நெகட்டிவ் தேவை. அதனால் அச்சுக்கென்று எடுக்கும் தட்டை இரண்டு நிமிடம் கூடுதலாகவே கழுவுங்கள்.

கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். கண்ணாடி சுருங்காது, வளையாது என்பதால் அந்தக் காலத்து வானியலாளர்கள் அதை நம்பினார்கள். அந்தத் தட்டுகளை இப்போது டிஜிட்டலாக்கி, நூறு வருடத்துக்கு முந்தைய சூரியப் புள்ளிகளை இன்றும் அளக்கிறார்கள். நம் தட்டும் அவ்வளவு காலம் இருக்கும், வைக்கிற விதத்தில் வைத்தால். அமிலமில்லாத காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, நீண்ட ஓரம் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது எடை தாங்காமல் உடையும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள். ஈரம் தேங்கி ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். உறைக்குள் தட்டை நுழைக்கும் முன்பே பெயர், தேதி, எத்தனை நொடி என்று பென்சிலால் அதன்மேல் எழுதிவிடுங்கள். அம்மாவை மறுபடி உட்காரவைத்து எடுத்த தட்டின் உறையில் 'மார்கழி, காலை 10, எஃப் 8, 1 நொடி, டெவலப்பர் 20 டிகிரி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.